ஊரைப் படித்தால் ஆள் கிடைப்பார்

என்னைத் தேடி வருபவர்களிடம் ஒரு பெயர் இருக்கும், ஒரு கப்பல் பயணிகள் பட்டியலின் நகல் இருக்கும், எழுத்துப் பிழையோடு ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் முதல் உலகப் போருக்கு முன்பும் பிழைப்புத் தேடி அமெரிக்கா போன போலந்துக் குடியானவர்களின் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்திகள் இவர்கள். சிக்காகோ, பிட்ஸ்பர்க், பஃபலோ என்று ஆலைகள் நிறைந்த நகரங்களில் வளர்ந்தவர்கள். "தாத்தாவுக்கு அப்பா யார், அவருக்கு அப்பா யார்?" என்று நூல் பிடித்தாற்போல் மேலே போகச் சொல்வார்கள். அப்படிப் போனால் இரண்டு, மூன்று தலைமுறைக்குள் திசை தப்பிவிடும். கிராக்கோவில் இருந்துகொண்டு பங்கு ஆலயங்களின் பழைய பதிவேடுகளைப் பல ஆண்டுகளாகப் புரட்டியதில் நான் கற்றது இதுதான்: ஆளைத் தேடுவதை விட ஊரைப் படிப்பது மேல். ஊரை ஒழுங்காகப் படித்தால் ஆள் தானே வெளியே வருவார்.

வந்தவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் தாத்தா எந்தப் பேரரசின் குடி?" என்பது. போலந்து என்று பதில் வரும். ஆனால் அவர் கொண்டுவந்த அமெரிக்கக் காகிதத்தில் ஆஸ்திரியா என்றோ ரஷ்யா என்றோ ஜெர்மனி என்றோதான் இருக்கும். 1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் ரஷ்யாவும் போலந்தைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. 1918இல்தான் அது மறுபடி சுதந்திர நாடானது. இது பள்ளிக்கூட வரலாறு என்று தள்ளிவிட முடியாது. எந்த அரசின் கீழ் அந்த ஊர் இருந்ததோ அதை வைத்துத்தான் பதிவேட்டின் மொழி, வடிவம், அதில் என்ன எழுதப்பட்டிருக்கும், இன்று அது எந்தக் காப்பகத்தில் கிடக்கிறது எல்லாமே முடிவாகின்றன. இரண்டு மணி நேர நடைதூரத்தில் இருந்த இரண்டு ஊர்களில் ஒன்றில் லத்தீனில் கட்டம் போட்ட பதிவும், மற்றொன்றில் ரஷ்ய மொழியில் பத்தி பத்தியான பதிவும் இருக்கலாம். இடையில் ஓடிய ஆறு அன்று இரு பேரரசுகளின் எல்லை.

அடுத்த வேலை ஊரைக் கண்டுபிடிப்பது. நோவா வியெஸ் என்றும் டொம்ப்ரோவா என்றும் போலந்து முழுக்க எத்தனையோ ஊர்கள். இதற்கு என் கை முதலில் போவது 1880 முதல் 1902 வரை வார்சாவில் வெளிவந்த பெரிய புவியியல் அகராதிக்கு. பதினைந்து தொகுதிகள். ஊரின் வீடுகள் எத்தனை, நிலம் யாருடையது, முக்கியமாக அந்த ஊர் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவேடுகள் பங்கு வாரியாக எழுதப்பட்டவை. ஒரு பங்கின் கீழ் ஐந்தாறு ஊர்களாவது இருக்கும். ஊரில் ஒரு தேவாலயம் நிற்பதைப் பார்த்து அதுதான் என்று முடிவு கட்டவும் கூடாது. அந்தத் தேவாலயம் 1900க்குப் பிறகு கட்டியதாக இருக்கலாம். அதற்கு முன் பிறந்த குழந்தையை இரண்டு கல் தள்ளியிருந்த பழைய பங்குக்குத்தான் தூக்கிப்போயிருப்பார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்கையும் திருமணத்தையும் எழுதிவைக்கச் சொன்னது 1563இல் திரெந்து பொதுச்சங்கம். இறந்தவர்களுக்கும் ஏடு வேண்டும் என்பதை 1614இல் வந்த உரோமைச் சடங்கு நூல் சேர்த்தது. அந்தக் காலத்துப் பங்குத்தந்தைகள் எழுதியது மிகச் சுருக்கம். இந்த நாளில், இந்த ஊரில், உழைப்பாளி இன்னாருக்கும் அவர் மனைவிக்கும் பிறந்த குழந்தைக்கு நான் திருமுழுக்குக் கொடுத்தேன், ஞானப்பெற்றோர் இன்னார். அவ்வளவுதான். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்காது. சில ஏடுகளில் குடியானவருக்குக் குடும்பப் பெயரே இருக்காது. ஆனால் அந்தஸ்து மட்டும் தவறாமல் இருக்கும்: குடியானவர் என்றால் 'உழைப்பவர்', நகரவாசி என்றால் 'மதிப்புக்குரியவர்', பிரபு என்றால் அதற்குத் தனி அடைமொழி. சாதாரணமாகக் கடந்துபோகத் தோன்றும் இந்த ஒற்றைச் சொல்லை நான் விடுவதே இல்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தால் பல சமயம் அவர்களைப் பிரித்துக்காட்டுவது அதுதான்.

ஆஸ்திரியாவிடம் போன தென்பகுதிக்குக் கலீசியா என்று பெயர். நான் அதிகம் உழன்றது அங்கேதான். 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு ஓர் ஆணை பிறப்பித்தார். பங்குத்தந்தை இனி அரசுக்கும் எழுத்தர். ஒவ்வோர் ஊருக்கும் தனி ஏடு. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் கட்டம் கட்டமாகப் பதிவு. நாள், வீட்டு எண், பெயர், மதம், ஆணா பெண்ணா, முறையான திருமணத்தில் பிறந்ததா, பெற்றோர், ஞானப்பெற்றோர், அவர்கள் தொழில். பக்தியால் வந்த ஆணை அல்ல இது. பேரரசருக்குப் படைக்கு ஆள் வேண்டும். எந்த வீட்டில் எத்தனை பையன்கள் எப்போது படை வயதைத் தொடுவார்கள் என்று தெரிய வேண்டும். வீட்டுக்கு எண் போட்டதே அதற்காகத்தான். அவர் படைக்காகப் போட்ட எண் இன்று எனக்குச் சோறு போடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். தார்னுஃப் நகருக்கு அருகே ஓர் ஊர். தேடிவந்த குடும்பத்தின் மூதாதை பெயர் யான், குடும்பப் பெயர் நோவாக். போலந்தில் இதைவிடச் சாதாரணமான பெயர் கிடையாது. அந்த ஊரில் ஒரே காலத்தில் இரண்டு யான் நோவாக்குகள், இருவர் மனைவிக்கும் மரியன்னா என்று பெயர், இருவருக்கும் குழந்தைகள். இணையத்தில் கிடைத்த ஒரு கொடிவழியில் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளையும் ஒரே தாய்க்குச் சேர்த்து எழுதியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் அந்த அம்மாள் நான்கு மாத இடைவெளியில் இருமுறை பெற்றிருக்க வேண்டும்!

நான் நோவாக்குகளை ஒதுக்கிவைத்துவிட்டு ஊரின் மொத்த ஏட்டையும் வீட்டு எண்படி எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் யார் பிறந்தார், யார் கட்டிக்கொண்டார், யார் செத்தார். எழுத எழுத ஒரு யான் 14ஆம் எண்ணிலும் இன்னொருவர் 37ஆம் எண்ணிலும் தனித்தனியே நின்றார்கள். 14ஆம் எண் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் ஞானத்தாயாக நின்றவர் 15ஆம் எண் வீட்டுக்காரி. 37க்கு மேட்டுத்தெருப் பக்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்தே எப்போதும் ஞானத்தந்தை வந்தார். குடியானவர்கள் ஞானப்பெற்றோரைச் சும்மா தேர்ந்தெடுப்பதில்லை. அக்கா கணவர், கொழுந்தியாள், பக்கத்து நிலத்துக்காரர் என்று நாளைக்குக் குழந்தைக்கு ஒரு கை கொடுப்பவர்களாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். அதனால் பெற்றோர் யாரென்று தெரியாத இடத்தில் ஞானப்பெற்றோரைப் பிடித்தால் பிறந்த வீட்டுக்கு வழி கிடைக்கும். 37ஆம் எண் யான் அந்த ஊரில் பிறந்தவரே இல்லை என்பதும் இப்படித்தான் தெரிந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் பக்கத்துப் பங்கிலிருந்து வந்தவர். மனைவி வீட்டு நிலத்தில் உட்கார்ந்தவரைச் சில ஊர்களில் அந்த நிலத்துப் பெயராலேயே அழைப்பார்கள். அடுத்த ஏட்டில் பங்குத்தந்தை இரண்டு பெயரையும் போட்டு நடுவில் 'அல்லது' என்று எழுதியிருப்பார். அந்த 'அல்லது' கண்ணில் படாமல் போனால் ஒரே மனிதர் இரண்டு ஆளாகிவிடுவார்.

கலீசியாவின் கிழக்குப் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே உரோமைக் கத்தோலிக்கரும் கிரேக்கக் கத்தோலிக்கரும் கலந்து வாழ்ந்தார்கள், திருமணமும் செய்துகொண்டார்கள். அந்த வீடுகளில் மகன் தந்தையின் வழிபாட்டு முறையிலும் மகள் தாயின் முறையிலும் திருமுழுக்குப் பெறுவது வழக்கம். 1863இல் வந்த உடன்பாடு இதை உறுதி செய்தது. ஆகவே அண்ணனின் பதிவு ஓர் ஆலயத்து ஏட்டிலும் தங்கையின் பதிவு வேறோர் ஆலயத்து ஏட்டிலும் இருக்கும். ஒரே ஏட்டைப் பார்த்துவிட்டு "இந்த வீட்டில் பெண் குழந்தையே பிறக்கவில்லை" என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வார்சாவைச் சுற்றிய நடுப்பகுதியின் கதை வேறு. நெப்போலியன் உருவாக்கிய வார்சா சிற்றரசில் 1808 முதல் பிரெஞ்சுச் சட்டப்படி குடிப் பதிவு நடந்தது. அதையும் எழுதியவர் பங்குத்தந்தைதான். கட்டம் கிடையாது, உரைநடை. இன்ன நாள், இன்ன மணிக்கு, இத்தனை வயதுள்ள உழவர் இன்னார், இரண்டு சாட்சிகளோடு எங்கள் முன் வந்து, ஒரு குழந்தையைக் காட்டி, இது தன் மனைவிக்கு இன்ன வீட்டில் பிறந்தது என்று சொன்னார் என்று நீளும். முடிவில், பதிவை வாசித்துக் காட்டினோம், வந்தவர்களுக்கு எழுதத் தெரியாது என்று இருக்கும். 1825 வரை எல்லா மதத்தவரின் பதிவும் ஒரே ஏட்டில். 1826 முதல் மதவாரியாகப் பிரிந்தன. 1868இல் ரஷ்ய அரசு இனி ரஷ்ய மொழியில்தான் எழுத வேண்டும் என்றது. அதிலும் பல பங்குத்தந்தைகள் பெயரை மட்டும் பக்கத்தில் போலிஷ் எழுத்தில் சேர்த்து எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அது வரம். நாளும் இரண்டாக இருக்கும், ரஷ்யப் பழைய நாட்காட்டிப்படி ஒன்று, புதியதன்படி ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பன்னிரண்டு நாள் வித்தியாசம்.

இந்தப் பகுதியில் நான் விரும்பித் தேடுவது அலேகாத்தா என்ற இணைப்புக் காகிதக் கட்டுகளை. திருமணம் செய்ய வருபவர் தன் பிறப்புப் பதிவின் நகலைக் கொடுக்க வேண்டும். முதல் மனைவி இறந்திருந்தால் அந்த இறப்புப் பதிவும் வேண்டும். பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால் நீதிபதி முன் ஏழு சாட்சிகளை நிறுத்தி, இவர் இன்னாருக்கு இந்த ஊரில் பிறந்தவர்தான் என்று வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டும். இந்தக் காகிதங்களைத் திருமணம் நடந்த பங்கில் கட்டிவைத்தார்கள். திருமணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில். ஆகவே மாப்பிள்ளை ஊரின் ஏடு தீக்கிரையாகியிருந்தாலும் அவருடைய பிறப்புப் பதிவின் நகல் பெண்ணூர்க் கட்டுக்குள் உயிரோடு இருக்கும். எரிந்துபோன ஒரு பங்கின் பாதியை அக்கம்பக்கத்து ஊர்களின் கட்டுகளிலிருந்தே திரட்டியிருக்கிறேன்.

பிரஷ்யாவின் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 1874 அக்டோபர் 1 முதல் அரசே தனிப் பதிவகங்களை வைத்தது. ஜெர்மன் மொழி, அச்சிட்ட படிவம், சுத்தம். போஸ்னான் வட்டாரத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருமணங்களைத் தன்னார்வலர்கள் சேர்ந்து தொகுத்திருக்கிறார்கள். வேலை பாதி முடிந்தாற்போல்தான்.

வாசிக்கப் பழகுவதற்குக் குறுக்குவழி இல்லை. லத்தீன் ஏட்டில் அடால்பெர்ட்டுஸ் என்று இருப்பவரை ஊரில் வோய்ச்செக் என்று கூப்பிட்டார்கள். அமெரிக்கா போனதும் அவர் ஆல்பர்ட்டோ ஜார்ஜோ ஆகியிருப்பார். 7 என்று எண் போட்டுப் பக்கத்தில் மாதத்தின் வால் எழுத்துகளை எழுதியிருந்தால் அது ஜூலை கிடையாது, செப்டம்பர். ஏனென்றால் லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு. பெண்களின் குடும்பப் பெயருக்கு ஆணைவிட வேறு விகுதி. நோவாக்கின் மனைவி நோவாக்கோவா, மகள் நோவாக்குவ்னா. அகரவரிசைப் பட்டியலில் ஆண் விகுதியை மட்டும் தேடினால் வீட்டுப் பெண்கள் எல்லாரும் காணாமல் போவார்கள். ஒரு பங்குத்தந்தையின் கையெழுத்து பிடிபடும்வரை, தெரிந்த சொற்களிலிருந்து அவர் எப்படி எழுத்துகளைச் சுழிக்கிறார் என்று ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்வேன். அவர் மாற்றலாகி வேறொருவர் வந்தால் தாளும் மாறும்.

எழுதியவரைப் போலவே சொன்னவரையும் கவனிக்க வேண்டும். பிறப்புப் பதிவில் தகவல் சொன்னவர் தந்தை. நாள் சரியாக இருக்கும். இறப்புப் பதிவில் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரரும் கல்லறைத் தோட்டக்காரரும். எண்பது வயதில் இறந்ததாகப் பதிவான கிழவியின் பிறப்பைத் தேடினால் அறுபத்தாறு என்று வரும். திருமணப் பதிவின் வயதும் அப்படித்தான். கலீசியாவில் இருபத்துநான்கு நிரம்பாதவர் கட்டிக்கொள்ள தந்தை அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் ஏட்டிலேயே எழுதப்பட்டுக் கீழே எழுதத் தெரியாதவரின் சிலுவைக்குறி இருக்கும். அது தந்தையின் குறி என்றால் அந்த நாளில் அவர் உயிரோடிருந்தார் என்று நிச்சயமாகச் சொல்லலாம். பாதுகாவலர் சம்மதம் என்றால் இறப்பு ஏட்டைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும்.

இறப்பு ஏட்டை நான் ஒரு பெயருக்காகப் பிரிப்பதில்லை. முழு ஆண்டையும் படிப்பேன். சாதாரண ஆண்டில் இரண்டு பக்கத்தில் முடியும் ஊர், 1831இல் காலரா வந்தபோது பக்கம் பக்கமாக நீள்கிறது. 1847இல் கலீசியாவில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சமும் டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. ஒரே வீட்டு எண் ஒரே வாரத்தில் மூன்று முறை வரும். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளின் திருமண ஏட்டைத் திறந்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டாம் தாரமாகவே இருப்பார்கள். நிலத்தை உழவும் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் வேண்டும். துக்கத்துக்கு அவகாசம் இல்லை. "எங்கள் பாட்டனார் மனைவி இறந்த இரண்டாம் மாதமே மறுமணம் செய்திருக்கிறாரே" என்று முகம் சுளிப்பவர்களுக்கு அந்த ஆண்டின் இறப்பு ஏட்டை அனுப்பிவிடுவேன். பதில் கடிதத்தில் அந்தக் கேள்வி இருக்காது.

பிறப்புப் பதிவுக்கு நூறு ஆண்டு, திருமணத்துக்கும் இறப்புக்கும் எண்பது ஆண்டு ஆனால்தான் அரசுப் பதிவகத்திலிருந்து அரசுக் காப்பகத்துக்கு வரும். இவை தவிர மறைமாவட்டக் காப்பகங்கள், பங்கு அலுவலகங்கள். பங்குக்குப் போவதென்றால் முன்கூட்டியே கடிதம் போட வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பங்குத்தந்தை வீடு வீடாக ஆசீர்வதிக்கப் போய்விடுவார். சனவரியில் கதவைத் தட்டிப் பயனில்லை. இப்போது ஏராளமான ஏடுகளின் படங்கள் இணையத்தில் வந்துவிட்டன. போலந்து வம்சாவளி ஆய்வுச் சங்கத்தின் கெனெத்தேகா பட்டியலில் பெயரைத் தட்டினால் பதிவு வந்து நிற்கிறது. எனக்கும் அதனால் லாபம்தான். ஆனால் பட்டியல் பெயரை ஊரிலிருந்து பிய்த்துத் தருகிறது. வீட்டு எண்ணும் ஞானப்பெற்றோரும் பக்கத்துப் பதிவும் அதில் வருவதில்லை. பட்டியலில் பெயர் கிடைத்தவுடன் ஏட்டின் படத்தைத் திறந்து, முன்னும் பின்னும் பத்துப் பக்கமாவது படிப்பது என் வழக்கம்.

இல்லாத ஏடுகளும் உண்டு. 1650களில் ஸ்வீடன் படைகள் புகுந்தபோது பல பங்குகளின் பழைய ஏடுகள் போயின. 1944இல் வார்சா எழுச்சிக்குப் பின் ஜெர்மானியர்கள் நகரத்தின் காப்பகங்களைக் கொளுத்தினார்கள். 1945இல் எல்லை மாறியதில் கிழக்குக் கலீசியாவின் ஏடுகள் பாதி லிவீவிலும் பாதி வார்சாவிலும் சிதறின. இரட்டைப் படி எழுதும் வழக்கம்தான் பலரைக் காப்பாற்றியது; பங்கின் படி அழிந்தாலும் நீதிமன்றத்துக்கோ ஆயர் இல்லத்துக்கோ போன படி சில சமயம் தப்பியிருக்கும்.

கடலைத் தாண்டிய ஆளை ஊரோடு இணைக்கும் சான்று பல சமயம் ஏட்டின் ஓரத்தில் இருக்கும். 1908 முதல் திருச்சபைச் சட்டம், எங்கே திருமணம் நடந்தாலும் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்றது. அப்படி, கலீசியக் கிராமத்தில் 1890 வாக்கில் பிறந்த பெண்ணின் பதிவுக்குப் பக்கத்தில், பென்சில்வேனியாவில் இன்ன ஆலயத்தில் இன்னாரை மணந்தார் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்திருக்கும். கப்பல் பட்டியல், குடியுரிமைக் காகிதம், கல்லறைக் கல் எல்லாம் சேர்ந்து சொல்ல முடியாததை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

பிரபுக்குலம் என்று நிரூபித்துத் தரச் சொல்பவர்கள் தனி ரகம். பெயர் 'ஸ்கி' என்று முடிவதால் கேடயச் சின்னம் இருந்தே தீரும் என்பது அவர்கள் நம்பிக்கை. குடியானவர்களிலும் எத்தனையோ 'ஸ்கி'கள். கலீசியாவில் 1848 வரை, ரஷ்யப் பகுதியில் 1864 வரை பண்ணையாருக்குக் கட்டாய ஊழியம் செய்த குடும்பங்கள் இவை. அதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம். ஆனால் நில அளவைப் பதிவுகளில் அந்த வீட்டு எண்ணுக்கு எவ்வளவு நிலம் என்று தேடி எடுத்துக் காட்டினால் வருத்தம் போய்விடுகிறது. சின்னம் இல்லாவிட்டாலும் மண் இருந்தது.

மேலே போகப் போக, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர்கள் கலையும். தந்தைக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறு. வீட்டு எண்ணும் இல்லை. அங்கே என் அறிக்கையில் மூன்று வகைக் கோடுகள் போடுவேன். பதிவு நேராகச் சொன்னால் முழுக்கோடு. ஞானப்பெற்றோர், சாட்சி, நிலம் எல்லாம் ஒரே பக்கம் காட்டினால் இடைவெளிக் கோடு. பொருந்துகிறது, மறுக்கச் சான்றில்லை என்ற அளவுக்கு மட்டும் இருந்தால் புள்ளிக்கோடு. "சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்போகிறோம், அந்தப் புள்ளிகளை மட்டும் சேர்த்துவிடுங்களேன்" என்று ஒரு குடும்பத்தில் கேட்டார்கள். கூடுதல் பணம் தரவும் தயார். மறுத்துவிட்டேன். அவர்கள் சுவரில் மாட்டுவதை அவர்கள் பேரன் படமெடுத்து இணையத்தில் போடுவான். அதை வேறொரு நோவாக் குடும்பம் எடுத்துத் தங்கள் கொடிவழியில் ஒட்டும். சில ஆண்டுகளில் அது நாற்பது இடங்களில் இருக்கும், நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் சான்றாகக் காட்டுவார்கள். அதற்குள் அந்த ஊரில் யாராவது ஒரு பழைய ஏட்டைக் கண்டெடுத்தால், புள்ளிக்கோடாக இருந்தால்தான் அதைத் திருத்த இடமிருக்கும். புள்ளிகளை அப்படியே விட்டுத்தான் அறிக்கையைக் கொடுத்தேன். எந்த ஏடு கிடைத்தால் அவை கோடாகும் என்பதையும் கீழே எழுதிவைத்தேன்.